கீழ வாம்ப்ரியின் வாசல்

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கேக் சொல்லியாயிற்று, பூ சொல்லியாயிற்று, மாப்பிள்ளையின் கோட்டுக்கு அளவும் எடுத்தாயிற்று. பெண் எந்த வாசல் வழியாக சர்ச்சுக்குள் போவாள் என்பது மட்டும் தீரவில்லை. அதை நினைத்தாலே பெண்ணின் அம்மா பெரில் டஃப்னெலுக்குக் காலையில் சாப்பிட்ட டோஸ்ட் நெஞ்சிலேயே நின்றது.

இங்கிலாந்தில் வாம்ப்ரி என்று இரண்டு ஊர்கள். மேட்டில் இருப்பது மேல வாம்ப்ரி, ஓடைக்கரையில் இருப்பது கீழ வாம்ப்ரி. நடுவே ஒன்றரை மைல் ஒற்றையடிப் பாதை, ஆட்டுப் புழுக்கை உட்பட. சர்ச் மேட்டில்தான். கீழூர்க்காரர்கள் பிறந்தால் ஞானஸ்நானத்துக்கும், கட்டிக்கொண்டால் மோதிரத்துக்கும், செத்தால் குழிக்கும் மேடேறித்தான் ஆக வேண்டும். அதுகூடப் போகட்டும். அந்த சர்ச்சுக்கு இரண்டு வாசல். தெற்கே கூரை போட்ட முகப்பும் ரோஜாக்கொடியுமாக ஒன்று, அது மேலூருக்கு. வடக்கே, தொட்டால் தடித்து அரிக்கும் காஞ்சொறிப் புதருக்கு நடுவில், குப்பைத் தொட்டிகளை நிறுத்தி வைக்கும் இடத்தில் சின்னதாக இன்னொன்று, அது கீழூருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் இதை யாரும் பார்ப்பதில்லை. வருகிற பதினான்கு பேரை வாசல் வாரியாகப் பிரித்தால் பாட்டு எடுபடாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வழக்கம் வழக்கம்தான். யார் வைத்த வழக்கம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மாற்றலாமா என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் பதில் தெரியும்.

வடக்கு வாசலுக்குப் பிசாசு வாசல் என்று பெயர். அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்தின்போது குழந்தையை விட்டு ஓடுகிற பிசாசு வெளியே போக அதைத் திறந்து வைப்பார்களாம். ஓடுகிற அவசரத்தில் அது பிறாண்டிய தடம் என்று நிலைக்கற்களில் சில கீறல்களையும் காட்டுவார்கள். சின்ன வயதில், யார் வீட்டுச் சாவுக்காவது அங்கே காத்து நிற்கும்போதெல்லாம், பெரில் அந்தக் கீறல்களுக்குள் விரலை விட்டுப் பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கத்துச் சுவரே தனி. சர்ச் முழுக்கச் சாம்பல் நிறக் கல். வடக்கே நீட்டிக் கட்டிய பகுதி மட்டும் இஞ்சி பிஸ்கட் நிறம். மிச்சம் மீதிக் கல்லில் கட்டியது, கீழூர்க்காரர்கள் உட்காரத்தானே என்பார்கள் மேலூர்க்காரர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் பெரிலின் கணவன் ட்ரெவரின் சவப்பெட்டி அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனது. தூக்கி வந்தவர்களின் இடுப்பு பட்டு ஒரு குப்பைத் தொட்டி கவிழ்ந்து, ஒரு தயிர் டப்பா உருண்டு வந்து பெரிலின் காலடியில் நின்றது. பெட்டியின் மூலை நிலைக்கல்லில் உரசியது. அன்று அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு தீர்மானம் செய்தாள்: மகள் ரோவெனாவாவது ரோஜாக்கொடிக்குக் கீழே போக வேண்டும்.

மாப்பிள்ளை கல்லம் மேலூர்ப் பையன். நல்லவன், அதிகம் பேசாதவன். பேச்சையெல்லாம் அவன் அப்பா ரோட்ரிக் ஹேலட் எடுத்துக்கொண்டதால் பையனுக்கு மிச்சமில்லாமல் போயிருக்கலாம். ஹேலட் ஓய்வுபெற்ற கட்டடக்காரர். பழைய மரக் களஞ்சியங்களைப் பிரித்து இன்னோர் இடத்தில் அப்படியே மாட்டித் தருவதில் மாவட்டம் முழுக்கப் பேர் வாங்கியவர். இப்போது சர்ச்சுக்கு வார்டன், கட்டடமும் கணக்கும் அவர் பொறுப்பு. சாவிக்கொத்து அவர் இடுப்பில்.

இரண்டு வீட்டுக்காரர்களும் கல்யாணம் பேச ஹேலட்டின் தோட்டத்தில் கூடினார்கள். தேநீர், வெள்ளரிக்காய் சாண்ட்விச், நடுவில் ஆயரம்மா ஃபிலிப்பா. ஐந்து ஊர் சர்ச்சுகளையும் ஒரு பழைய காரையும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர் அவர்.

"சம்பந்தி, ஒரே ஒரு நாளு. தெற்கு வாசலத் திறந்து விட்டா சர்ச்சு இடிஞ்சா விழுந்துடும்?" என்று ஆரம்பித்தாள் பெரில்.

"நான் வச்ச வழக்கமா பெரில் இது? சர்ச்சு எங்க ஊரோடது. உங்களுக்கும் இடம் குடுத்திருக்கோம். விருந்தாளி பக்கவாட்டு வாசல்ல வர்றதுல என்ன குறைச்சல்?"

"விருந்தாளியா? நானூறு வருஷமாவா விருந்துக்கு வந்துட்டிருக்கோம்? ஒரு வாய் சாப்பாடு கூடப் போடலையே!"

"உங்களுக்குன்னு ஒரு சர்ச்சு இருந்திருந்தா ஏன் இங்க வரப் போறீங்க?"

"இருந்துச்சு. ஓடைக்கிட்ட சேப்பல் வயல்னு பேரே இருக்கு. சேப்பல்னா சின்ன சர்ச்சுதானே?"

"அது மெதடிஸ்ட்காரங்க ஒரு கோடையில கூடாரம் போட்டுப் பாடின இடம். எங்க தாத்தாவே போயிருக்காரு, பாட்டுக் கேக்க இல்ல, பன்னு திங்க."

ரோவெனா குறுக்கே வந்தாள். "அம்மா, எந்த வாசலா இருந்தா எனக்கென்ன? உள்ள போனாப் போதும்."

"நீ சும்மா இருடி. உங்கப்பா போன வாசல நான் மறக்கல."

சட்டென்று எல்லோரும் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்தார்கள். ஆயரம்மாதான் தொண்டையைச் செருமினார்.

"சரி, ஒண்ணு பண்ணுவோம். கீழூருக்கும் சொந்தமா சர்ச்சு இருந்துச்சுன்னா ரெண்டு ஊரும் சமம்தான். அதக் காட்டுங்க பெரில், தெற்கு வாசல நானே திறந்து வைக்கிறேன். ரோட்ரிக், என்ன சொல்றீங்க?"

ஹேலட் சாண்ட்விச்சை விழுங்கிவிட்டுத் தலையாட்டினார். "கல்யாணத்துக்கு முன்னாடி காட்டணும். அதுவும் கல்லக் காட்டணும். கதை வேணாம்."

பெரில் வீடு வீடாகப் போய் முடி வெட்டுகிறவள். சேப்பல் வயலின் சொந்தக்காரர் தலை மறுநாளே அவள் கையில் இருந்தது. வயலைத் தோண்டிப் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது கத்தரி அவர் காதோரம் இருந்தது. அந்த நிலையில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. மாவட்ட அருங்காட்சியகத்தில் அகழாய்வு வேலை பார்க்கும் இஸோபெல் என்ற பெண்ணைப் பிடித்தாள். அவளும் இரண்டு வார இறுதிகளைத் தருவதாக ஒப்புக்கொண்டாள். அவள் சேற்றில் மண்டியிட்டால் மதியச் சாப்பாட்டைக்கூட அப்படியே இருந்துதான் சாப்பிடுவாள்.

முதல் வாரம் ஒரு தேநீர்க் கெண்டியின் மூக்கு, ஒரு லாடம், ஓர் ஆட்டுத் தாடை. ஹேலட் பாதையில் நாயை நடத்திப்போகும் சாக்கில் வந்து, வேலி மேல் கையூன்றி, "தாடை பிஷப்போடதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெரில் பதிலுக்குச் சொன்னதை ஆயரம்மா கேட்காதது நல்லது.

இரண்டாவது ஞாயிறு இஸோபெல் அவளைக் குழிக்குள் கூப்பிட்டாள். செம்மண்ணில் கறுப்பாக ஒரு பட்டை நேராக ஓடி, திரும்பி, மறுபடி நேராக ஓடியது.

"பாருங்க பெரில். கட்டடம் இருந்திருக்கு. இருபத்தெட்டு அடி நீளம், கிழக்கு மேற்கா, சர்ச்சு கட்டற வாக்குல. சர்ச்சுன்னுதான் எனக்குத் தோணுது."

"அப்ப கல்லு எங்க?"

"அதான் விசேஷம். ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிட்டாங்க. அஸ்திவாரம் வரைக்கும் தோண்டி எடுத்திருக்காங்க. இவ்வளவு சுத்தமா எடுத்து நான் பாத்ததே இல்ல."

"எந்தத் திருட்டுப் பய எடுத்தான்?"

"அது மண்ணுல எழுதியிருக்காது. இந்தாங்க, இது ஒண்ணுதான் தப்பிச்சிருக்கு." உள்ளங்கை அளவுக்கு, சேறு அப்பிய ஒரு கல் சில்லைக் கொடுத்தாள். பெரில் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். கழுவக்கூட மனமில்லை.

ஏனென்றால் ஹேலட் குழியைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தார். "பெரில், கல்லக் காட்டச் சொன்னா குழியக் காட்டறியே! இது சர்ச்சுன்னா எங்க தோட்டத்து முயல் வளை அத்தனையும் கதீட்ரல்தான்." ஆயரம்மாவும் சங்கடத்தோடு, இஸோபெலின் அறிக்கை வர ஆறு மாதமாகும், அதற்குள் கல்யாணம் முடிந்து போய்விடுமே என்றார். பெரில் அன்று வெட்டிய மூன்று தலைகளும் கொஞ்சம் கோணலாகத்தான் போயின.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் கல்யாணம். விருந்துக்கான கூடாரத்தைக் கீழூர்ப் புல்வெளியில் போடுவது மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. ஹேலட்டே தன் பழைய மரக்கம்பங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கல்லத்தையும் அவன் நண்பர்களையும் விரட்டிக்கொண்டிருந்தார். குணம் எப்படியோ, வேலை என்று வந்தால் மனிதர் சுத்தம். அதைப் பெரிலும் மறுக்கமாட்டாள். தட்டில் தேநீரோடு அவள் வந்தபோது கல்லம் இரண்டு கம்பங்களை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தான்.

"டேய், கண்ணு எங்கடா இருக்கு? மூணு கோடு போட்டத மூணு கோடு போட்டதோட சேர்றா! நான் எதுக்கு உளியால கீறி வச்சிருக்கேன், அழகுக்கா?"

"ரெண்டுலயும் மூணு கோடுதான்ப்பா இருக்கு. சேர மாட்டேங்குது."

"ஒண்ணுல வால் இருக்கு பாரு. வால் இருந்தா வலப்பக்கம், இல்லாட்டி இடப்பக்கம். பிரிச்ச எதையும் திரும்ப மாட்டணும்னா இப்படித்தான் குறி வைக்கணும். எங்கப்பாவும் இப்படித்தான், அவங்கப்பாவும் இப்படித்தான்."

பெரில் குனிந்து பார்த்தாள். ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. கம்பம் சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே கீறல். அவள் விரல் தானாகவே ஒரு கோட்டுக்குள் போனது. அந்த விரலுக்கு இது பழகிய கோடு.

தட்டை அப்படியே புல்லில் வைத்தாள். வீட்டுக்குள் ஓடி ஜன்னலில் இருந்த சில்லை எடுத்து, குழாயடியில் பிடித்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பரபரவென்று தேய்த்தாள். (ரோவெனாவின் பிரஷ்தான், அதைக் கடைசி வரை அவள் சொல்லவில்லை.) சேறு போனது. இஞ்சி பிஸ்கட் நிறம்.

"சம்பந்தி! வண்டியில ஏறுங்க. சாவி இருக்கில்ல? ஏறுங்க சொல்றேன்!"

"கூடாரம் பாதியில நிக்குது பெரில்!"

"எங்க நியாயம் நானூறு வருஷம் பாதியில நின்னுது. இது நிக்காதா?"

சர்ச்சின் வடக்குப் பக்கம் போனதும் அவள் முதலில் குப்பைத் தொட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளினாள். ஹேலட் அந்த வாசலுக்குச் சாவி கொடுப்பதோடு சரி; வாழ்நாளில் அதன் அருகில் நின்று பார்த்தவரில்லை. மேலூர்க்காரர்களுக்கு அந்தப் பக்கம் வேலையும் இல்லை, கௌரவமும் இல்லை. கீழூர்க்காரர்களோ அங்கே நின்றதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான்.

"பிசாசு கீறினத எதுக்கு என்கிட்ட காட்டற?" என்றார் அவர்.

"கண்ணாடியப் போட்டுப் பாருங்க. பிசாசுக்கு எண்ணத் தெரியுமான்னு சொல்லுங்க."

ஹேலட் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். இடது நிலையில் கீழ்க்கல்லின் விளிம்பில் ஒரு கோடு; அதன் மேல் உட்கார்ந்த கல்லின் விளிம்பிலும் ஒரு கோடு. அடுத்த இணைப்பில் இரண்டும் இரண்டும். அதற்கு மேல் மூன்றும் மூன்றும். வலது நிலைக்குப் போனார். அங்கே ஒவ்வொரு குறியிலும் கடைசிக் கோட்டுக்கு ஒரு சின்ன வால். வளைவின் உச்சிக்கல் வரை கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார்.

"இதப் பிரிச்சவன் வேலை தெரிஞ்சவன்," என்றார் கடைசியில், மெதுவாக. "ஒரு கல்லு மாறல பெரில். ஒரு கல்லு கூட மாறல. நான் செஞ்சிருந்தாலும் இப்படித்தான் செஞ்சிருப்பேன்."

பெரில் கையிலிருந்த சில்லைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தாள். ஹேலட்டே இடுப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்து வடக்குச் சுவரை மூலைக்கு மூலை அளந்தார். இருபத்தெட்டு அடி.

இஸோபெலைப் போனில் பிடித்தபோது அவள் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. பிறகு நிதானமானாள். பழைய பத்திரம் ஏதாவது கிடைக்கும்வரை அடித்துச் சொல்ல முடியாது என்றாள். ஆனால் ஓடை வெள்ளமோ கொள்ளைநோயோ வந்து கீழூர் தேய்ந்துபோன ஏதோ ஒரு காலத்தில், இருந்த சனங்கள் தங்கள் சர்ச்சைப் பிரித்து, கல் கல்லாக மேட்டுக்குத் தூக்கி வந்து இதோடு சேர்த்திருப்பார்கள். "சும்மா குடுத்திருக்க மாட்டாங்க. எங்க வாசல் எங்களுக்குத்தான், எங்க கல்யாணமும் சாவும் அது வழியாத்தான்னு பேசியிருப்பாங்க. பின்ன எதுக்கு இவ்வளவு வருஷமா அந்த வழக்கம்?"

ஹேலட் போனைத் திருப்பிக் கொடுத்தார். காஞ்சொறி அவர் கையில் பட்டுச் சிவந்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"தோத்துட்டேன் பெரில். கல்லக் காட்டச் சொன்னேன், ஒரு சுவரையே காட்டிட்ட. நாளைக்குத் தெற்கு வாசல் உன் பொண்ணுக்குத்தான். சிவப்புக் கம்பளமே விரிக்கிறேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் பெரில் மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாள். கேட்டதும் துள்ளியிருக்க வேண்டும். அவளோ ஒரு குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். இரண்டு வருடமாக அடக்கி வைத்த அழுகை, மூக்கும் கண்ணுமாகக் கொட்டியது. ஹேலட் கைக்குட்டையை நீட்டிவிட்டு, எதிரே இருந்த கல்லறை ஒன்றை ரொம்ப அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார்.

கல்யாண நாள் வெயிலோடு விடிந்தது. இங்கிலாந்தில் அது ஒரு பெரிய சமாசாரம். பெரிலும் ரோவெனாவும் கீழூர்ப் பாதி சனங்களும் வழக்கப்படி ஒற்றையடிப் பாதையிலேயே மேடேறினார்கள். ரோவெனா கவுனை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு ரப்பர் பூட்ஸோடு வந்தாள். வெள்ளைச் செருப்பு அம்மாவின் முடிவெட்டும் பைக்குள் இருந்தது. கல்லறைத் தோட்டத்து வாயிலில் பாதை இரண்டாகப் பிரிந்தது. தெற்கே ரோஜாக்கொடி, சிவப்புக் கம்பளம், கையை ஆட்டும் ஆயரம்மா.

"நீ ஜெயிச்சுட்டம்மா. எந்தப் பக்கம் போலாம்? நீதான் சொல்லணும்," என்றாள் ரோவெனா.

"உனக்குத்தான் எந்த வாசலா இருந்தா என்னன்னு இருந்துச்சே?"

"அது நேத்து வரைக்கும்." அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வடக்கே திரும்பினாள்.

அங்கே காஞ்சொறி ஒன்றுகூட இல்லை. யாரோ விடிவதற்குள் அடியோடு வெட்டியிருந்தார்கள். குப்பைத் தொட்டிகளையும் காணோம். யார் வேலை என்று பெரில் யோசிப்பதற்குள் ஹேலட் மூச்சிரைக்க மூலை திரும்பி ஓடி வந்தார். கையெல்லாம் தடிப்பு தடிப்பாக வீங்கியிருந்தது.

"பெரில்! கம்பளம் அந்தப் பக்கம்!"

"பாத்தேன் சம்பந்தி. அழகா இருக்கு. எங்களுக்கு எங்க வாசல் போதும்."

அவர் டையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப நானும் உங்களோட இப்படியே வந்துடறேன்," என்று ஓர் அடி எடுத்து வைத்தார்.

பெரில் கையைக் குறுக்கே நீட்டினாள். "இது கீழூர்க்காரங்க வாசல். விருந்தாளிங்கள்லாம் தெற்குப் பக்கமா வரணும்."

ஹேலட்டின் முகம் முதலில் சிவந்தது. பிறகு வாய் கோணியது, பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வாங்கிக் கட்டிக்கிட்டேன்," என்று சொல்லித் தொப்பியைத் தூக்கிவிட்டுத் திரும்பி நடந்தார்.

"சம்பந்தி! சாவி!"

நின்றார். சாவிக்கொத்தை எடுத்து, அதிலிருந்து கை நீளத்துக்கு இருந்த ஒரு துருப்பிடித்த சாவியை மட்டும் வளையத்தை நெம்பிக் கழற்றினார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளிடம் கொடுத்தார்.

"திருப்பித் தர வேணாம் பெரில்," என்றார், இந்தத் தடவை சிரிக்காமல்.

அவர் போன பிறகு பெரில் நிலைக்கல்லின் பக்கம் நகர்ந்தாள். இடது நிலையில், இரண்டு கோட்டுக்கும் மூன்று கோட்டுக்கும் நடுவே, ட்ரெவரின் பெட்டி உரசிய இடத்தில் பழுப்பு வார்னிஷ் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நம்ம வாசல் வழியாத்தான் போயிருக்க, ட்ரெவர். எனக்குத்தான் தெரியல," என்றாள்.

"அம்மா, செருப்பு," என்றாள் ரோவெனா. பெரில் பையிலிருந்து வெள்ளைச் செருப்பை எடுத்துக் கொடுத்தாள், மகள் மாட்டிக்கொள்ளும்வரை தோளைப் பிடித்துக்கொண்டாள், பிறகு தன் ஊர் சர்ச்சின் கதவைத் தன் கையாலேயே திறந்தாள்.